பழைய வீட்டில் ஓர் இனிய குளியலறை

வீட்டுப் பழுதுபார்ப்புக்கும் மேம்பாட்டுக்கும் கடன் கேட்டு வங்கிக் கிளைகளுக்கு வரும் விண்ணப்பங்களில் ஒரு கோரிக்கையை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். தாத்தா காலத்து வீடு. மாடியில் விசாலமான படுக்கையறை. அதனோடு இணைந்த குளியலறை இல்லை. கழிப்பறை கீழே, முற்றத்தைத் தாண்டிக் கொல்லைப்புறத்தில் இருக்கிறது. வீட்டின் மூத்தவர் இரவில் இருமுறையாவது எழுந்து, செங்குத்தான மரப்படியில் இறங்கி, மழையானாலும் பனியானாலும் அங்கே போய்வர வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் கேட்பது ஆடம்பரம்போலத் தோன்றினாலும், அதன் அடியில் இருப்பது அந்த மூத்தவரைப் பற்றிய கவலைதான். எனவே அழகான, மனத்துக்கு அமைதி தரும் குளியலறை ஒன்றைப் பழைய வீட்டுக்குள் எவ்வாறு அமைப்பது, அதற்குப் பணம் எவ்வாறு திரட்டுவது என்பதை இங்கே சற்று விரிவாகவே பார்ப்போம்.

பழைய இந்திய வீடுகளில் படுக்கையறையை ஒட்டிக் குளியலறை இல்லாததற்குத் தீட்டு பற்றிய எண்ணம் ஒரு காரணம். குழாய்நீரும் பாதாளச் சாக்கடையும் இல்லாமை மற்றொன்று. கழிவைக் கையால் அள்ளிச் செல்ல மனிதர்களை ஏவிய ஒரு கொடுமையின் மேல்தான் அந்த ஏற்பாடு முழுவதும் நின்றது. வட கொல்கத்தாவின் பழைய மாளிகைகளுக்குப் பின்னால் ஒடுங்கிய சந்துகளையும், மும்பை, கொல்கத்தா போன்ற நகரங்களின் ஆங்கிலேயர் காலக் கட்டடங்களின் பின்புறச் சுவரில் சுழன்றேறும் இரும்புப் படிக்கட்டுகளையும் பலர் கண்டிருக்கலாம். துப்புரவுப் பணியாளர் வீட்டுக்குள் நுழையாமல் பின்வழியே கழிப்பறைக்கு ஏறிச் செல்ல அமைக்கப்பட்டவை அவை. அந்த வரலாறு இனிமையானதன்று. ஆனால் இன்று குளியலறை அமைக்க விரும்புவோருக்கு அந்தப் பின்சந்தும் பின்சுவரும் ஒரு வகையில் பயன்படுகின்றன. புதிய கழிவுநீர்க் குழாய்களை முன்முகப்பின் அழகு கெடாமல் இறக்குவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

முதலில் முடிவு செய்ய வேண்டியது டைலின் நிறத்தை அன்று, இடத்தை. வெளிச்சுவரை ஒட்டியும், ஏற்கெனவே உள்ள கழிவுநீர்ப் பாதைக்கு அருகிலும், கீழ்த்தளத்தில் சமையலறையோ பூஜையறையோ இல்லாத இடத்துக்கு மேலும் குளியலறை அமைவது நல்லது. வெளிச்சுவரை ஒட்டியிருந்தால் குழாய்கள் நேராக வெளியே சென்றுவிடும். சன்னல் வழியே வெளிச்சமும் காற்றும் கிடைக்கும். வீட்டின் நடுவில் அமைத்தால் இவ்விரண்டையும் இயந்திரங்களைக் கொண்டு ஈடுசெய்ய வேண்டியிருக்கும்.

படுக்கையறையை ஒட்டிய சிறு சாமான் அறையோ, தாழ்வாரத்தின் ஒரு கோடியோ இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம். அவ்வாறு இல்லாதபோது பெரிய அறையையே பிரிக்க நேரிடும். பழைய அறைகள் 12 அடி, 14 அடி உயரம் கொண்டவை. குறுக்கே கூரை வரை செங்கல் சுவர் எழுப்பிவிட்டால், இருபுறமும் கிணறுபோன்ற இரு ஒடுங்கிய அறைகள்தாம் மிஞ்சும். கூரையின் உத்தர வரிசையும் இரண்டாக வெட்டுண்டு நிற்கும். இதற்கு மாற்றாகக் கட்டடப் பாதுகாப்பு வல்லுநர்கள் பரிந்துரைக்கும் முறை எங்களுக்கு மிகவும் பிடித்தமானது. அறைக்குள் ஒரு பெரிய பேழையை வைத்ததுபோல, மெல்லிய எஃகுச் சட்டத்தில் சிமெண்ட் பலகை பொருத்தி, தனக்கென 8 அடி உயரத்தில் ஒரு கூரையோடு குளியலறையை நிறுத்திவிடலாம். பழைய கூரை அதற்கு மேல் முழுமையாகத் தெரியும். நாளை எவரேனும் அதைக் கழற்றிவிட்டால், பழைய அறை பெரும்பாலும் பழையபடியே கிடைக்கும். எடையும் செங்கல் சுவரோடு ஒப்பிடும்போது மிகக் குறைவு.

தளம் தாங்குமா?

இந்த வினாவுக்குப் பதில் தெரியாமல் எந்த வேலையையும் தொடங்கக் கூடாது. நாட்டின் பழைய மாடித்தளங்கள் ஒரே மாதிரியானவை அல்ல. தென்னகத்தில் 'மெட்ராஸ் டெரஸ்' எனப்படும் தளத்தில் தேக்குச் சட்டங்களின் மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துவாக்கில் அடுக்கியிருப்பார்கள். வங்காளத்தில் 'கொரி-பர்கா' என்னும் முறையில் பெரிய உத்தரங்களின் குறுக்கே சிறு சட்டங்களைப் பரப்பி, அவற்றின் மேல் ஓடு பதித்துச் சுண்ணாம்புக் காரை இட்டிருப்பார்கள். ரயில்வே குடியிருப்புகளிலும் பல நகர வீடுகளிலும் இரும்பு உத்தரங்களுக்கு இடையே செங்கலைத் தாழ்ந்த வளைவாகக் கட்டிய தளத்தைக் காணலாம். அகமதாபாத்தின் 'போள்' வீடுகளில் சுவருக்குள்ளேயே மரச்சட்டங்கள் பின்னிக் கிடக்கும்.

இவை யாவும் உலர்ந்த நிலையில் நூறாண்டுகளையும் கடந்து நிற்கக்கூடியவை. ஈரம்தான் இவற்றின் எதிரி. மர உத்தரத்தின் நடுப்பகுதி நமக்குத் தெரியும். சுவருக்குள் புதைந்திருக்கும் முனை தெரியாது. கசிவு அந்த முனையைத்தான் முதலில் அடைகிறது. மரம் உள்ளுக்குள் மக்கிக்கொண்டிருக்க, மேலே பூச்சு அப்பழுக்கற்றுத் தோன்றும். இரும்பு உத்தரமாயின் துருப்பிடித்துப் பருத்து, அதைச் சுற்றியுள்ள செங்கல்லை விரிசலிடச் செய்யும். ஆதலால் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்து, உத்தர முனைகளைத் திறந்து பார்த்து, எழுத்தில் அறிக்கை பெறுவது இன்றியமையாதது. அதற்கு ஆகும் கட்டணத்தைச் செலவாகக் கருத வேண்டா. எங்களைப் பொறுத்தவரை, கடன் விண்ணப்பத்தோடு வரும் காகிதங்களில் அதுவே மிகவும் மதிப்புள்ளது.

எடையைப் பற்றி ஒரு சிறு கணக்கு. புதிய அடுக்குமாடி வீடுகளில் குளியலறைத் தளத்தை ஓர் அடி தாழ்த்தி அமைத்து, அந்தப் பள்ளத்தில் குழாய்களை ஓட்டிச் செங்கல் ஜல்லியால் நிரப்புவது வழக்கம். அந்தப் பழக்கத்திலேயே பழைய மாடியிலும் சில கொத்தனார்கள் ஓர் அடி உயரத்துக்கு ஜல்லி கொட்டி மேடாக்குகிறார்கள். 8 அடிக்கு 6 அடி அளவுள்ள குளியலறையில் அந்த நிரப்பு 48 கன அடி வரும். எடை 2 டன்னுக்கும் மேல். அந்த இரண்டு டன்னும் இரவும் பகலும் இறங்காமல் உத்தரத்தின்மேல் அமர்ந்திருக்கும். வேலைக்காரர் திறமையுள்ளவராக இருக்கலாம். ஆனால் புதிய கான்கிரீட் தளத்துக்குக் கற்ற வித்தை மரத்தளத்துக்குப் பொருந்தாது.

குளியல் தொட்டி வேண்டும் என்று ஆசைப்படுவோர் இன்னொரு கணக்கையும் பார்க்கட்டும். வீடுகளின் குளியலறைத் தளத்துக்கு இந்தியத் தரநிலை வகுக்கும் பயன்பாட்டுப் பளு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ. 200 லிட்டர் நீர், தொட்டியின் எடை, அதில் அமரும் ஒருவர் ஆகிய மூன்றும் சேர்ந்தால் 300 கிலோவை எட்டும். வார்ப்பிரும்புத் தொட்டியாயின் அதையும் மிஞ்சும். அது அமரும் பரப்போ ஒன்றேகால் சதுர மீட்டர்தான். தரநிலைப்படி கட்டிய புதிய தளத்துக்கே இது மிகை என்னும்போது, நூறாண்டு மரத்தளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தொட்டி வேண்டுமானால் கீழ்த்தளத்தில் வைத்துக்கொள்ளலாம். மாடிக்கு ஷவர் போதும். உள்ளபடியே, தொட்டி வாங்கிய வீடுகளில் பலவற்றில் சில மாதங்களுக்குப் பின் அது அழுக்குத் துணி போடும் இடமாகிவிடுவதை மதிப்பீட்டுக்குச் செல்லும்போது நாங்கள் கண்டிருக்கிறோம்.

நீரும் அதன் வழியும்

தளத்தைத் தாழ்த்தவும் முடியாது, ஓர் அடி உயர்த்தவும் கூடாது என்றால் குழாய்களை எங்கே மறைப்பது? கிடைக்கும் இடம் 5 அல்லது 6 அங்குலம். அதற்குள் முடிக்க வழி இருக்கிறது. கழிப்பறைக் கோப்பையைப் பின்பக்கமாகக் கழிவு வெளியேறும் வகையில் தேர்ந்து, வெளிச்சுவரிலேயே பொருத்திவிட வேண்டும். தரைக்குள் பெரிய குழாயே தேவைப்படாது. ஷவரையும் அதே சுவரை ஒட்டி வைத்தால் கழிவுக்குழாய் இரண்டு மீட்டருக்குள் வெளியேறிவிடும். 50-க்கு 1 என்ற வாட்டத்தில் அதற்கு 4 சென்டிமீட்டர் சரிவு போதும். எடை குறைந்த சட்டத்தின் மேல் பலகை அமைத்து இந்த மேடையை எழுப்பலாம், ஜல்லி வேண்டா. மேடையால் வாசலில் ஒரு படி ஏற்படும். முதியவர் புழங்கும் அறையில் படி ஆபத்தானது. ஆதலால் படுக்கையறைப் பக்கம் மென்சரிவாக இறக்கிவிடுவது நல்லது. இடமில்லையெனில், நிறம் மாறுபட்ட ஒற்றைப் படியும் அதற்கருகே ஒரு கைப்பிடியும் அவசியம்.

நீர்க்காப்புப் பூச்சு தரையில் மட்டும் முடிந்துவிடக் கூடாது. சுவரில் ஓர் அடி உயரத்துக்கும், ஷவர் விழும் பகுதியில் 6 அல்லது 7 அடி உயரத்துக்கும் அது ஏற வேண்டும். தரையும் சுவரும் சந்திக்கும் மூலையைக் கூராக விடாமல் சாந்தால் உருட்டிவிட்டு, அதன்பின் இரண்டு கை பூச வேண்டும். இரண்டாம் கை முதலாவதற்குக் குறுக்காக. பூச்சு காய்ந்தபின் வடிகாலை அடைத்து 48 மணி நேரம் நீர் தேக்கிக் கீழ்த்தளக் கூரையைக் கவனிக்க வேண்டும். இந்தச் சோதனைக்கு முன் ஒரு டைலைக்கூடப் பதிக்க விடாதீர்கள். வேலையாட்களுக்கு இரண்டு நாள் காத்திருப்பது எரிச்சலூட்டும், இருக்கட்டும். தவணைப் பணத்தை இந்தச் சோதனையோடு பிணைத்து ஒப்பந்தம் எழுதிக்கொள்பவர் பின்னாளில் வருந்துவதில்லை.

சுவர் பற்றியும் ஒரு சொல். பழைய சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தால் ஆனவை. அவை ஈரத்தை உள்வாங்கி மெல்ல வெளியே விடும் இயல்புடையவை. சுவாசிக்கின்றன என்றே சொல்லலாம். அவற்றின்மேல் கெட்டியான சிமெண்ட் பூசிவிட்டால் உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி மேலேறும். ஓதம் அடுத்த அறையில் தலைகாட்டும். மென்மையான பழைய செங்கல் பொடியும். கோவாவின் செம்பாறைக்கல் சுவர்களுக்கும் இது பொருந்தும். அக்கல் துளைகள் நிறைந்தது. அதைக் கொத்திக் குழாய் புதைப்பது அறிவுடைமையன்று. பழைய சுவரிலிருந்து சிறிது இடைவெளி விட்டுப் பலகைச் சுவர் ஒன்றை நிறுத்தி, குழாய்களை இடையில் ஓட்டி, டைலை அந்தப் பலகையில் பதிப்பதே தக்க முறை. கசிவு நேர்ந்தால் சுவரை உடைக்காமல் பார்க்க ஒரு சிறு கதவும் அதில் இருக்கட்டும்.

பழைய வீட்டின் செப்டிக் டேங்க் ஒரேயொரு கழிப்பறைக்காகக் கட்டப்பட்டதாக இருக்கலாம். புதிய குளியல்நீரையும் அதற்குள் செலுத்தினால் அது விரைவில் நிறையும். பாதாளச் சாக்கடை இணைப்புக் கிடைக்கும் நகரங்களில் அதைப் பெறுவதே சிறப்பு. இல்லாத இடங்களில் குளியல்நீரைத் தனியே பிரித்துத் தோட்டத்துக்கு விடலாம். அகமதாபாத்தின் பழைய வீடுகளில் முற்றத்தின் அடியில் 'டாங்கா' என்னும் மழைநீர்த் தொட்டி இருப்பதுண்டு. கழிவுக்குழாய் அதன் அருகே கூடச் செல்லக் கூடாது. டேங்க்கைச் சுத்தம் செய்ய உள்ளாட்சி அமைப்பின் இயந்திர ஊர்தியையே அழைக்க வேண்டும். பாதுகாப்புக் கருவிகளின்றி ஒரு மனிதரை அதற்குள் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். அந்தப் பின்சந்துகளின் காலம் முடிந்துவிட்டது என்பதை வீட்டு உரிமையாளர்களான நாம் ஒவ்வொருவரும் நினைவில் வைத்தாக வேண்டும்.

அமைதி எங்கிருந்து வருகிறது?

நட்சத்திர விடுதிக் குளியலறை மனத்துக்கு இதம் தருவதற்குப் பளிங்கு மட்டும் காரணமன்று. அங்கே நீர் சீராக விழுகிறது, தரை வழுக்குவதில்லை, ஒளி கண்ணைக் குத்துவதில்லை, வாளியும் துடைப்பமும் கண்ணில் படுவதில்லை, பக்கத்து அறைச் சத்தம் கேட்பதில்லை. பருத்த சுவர் கொண்ட பழைய வீட்டில் கடைசியாகச் சொன்ன அந்த அமைதி செலவின்றியே கிடைக்கிறது. உயரமும் கிடைக்கிறது. மற்றவற்றை மட்டும் நாம் சேர்த்தால் போதும்.

மழைபோல் விழும் பெரிய ஷவர் வாங்கியபின் நீர் சொட்டுச் சொட்டாக வருகிறது என்று குறைபடுவோர் பலர். நீர்த்தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் 1 பார் அழுத்தம் கிடைக்கும். மாடிக் குளியலறைக்கு மேலேயே மொட்டைமாடித் தொட்டி இருக்கும்போது கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. எனவே சிறு அழுத்த மோட்டார் ஒன்று வேண்டும். அந்த அழுத்தத்தைத் தாங்கும் கீசரும் வேண்டும். மோட்டாரைப் படுக்கையறைச் சுவரில் மாட்டாமல் மொட்டைமாடியில் ரப்பர் மெத்தைமேல் வைத்தால் அதன் இரைச்சல் தூக்கத்தைக் கெடுக்காது.

ஒளியைப் பொறுத்தவரை, நடுக்கூரையில் ஒற்றை வெள்ளைக் குழல்விளக்கு மாட்டுவதுபோல் ஓர் அறையைப் பாழ்படுத்தும் செயல் வேறில்லை. கண்ணாடியின் இரு பக்கங்களிலும் 2700 அல்லது 3000 கெல்வின் அளவுள்ள மஞ்சள்சாயல் விளக்குகள் முகத்தில் நிழல் விழாமல் காட்டும். இரவில் எழுபவருக்காகத் தரையை ஒட்டி ஒரு மங்கிய விளக்கு தனியே எரியட்டும். பகலொளிக்குப் பழைய வீடுகளே நல்ல வழி காட்டுகின்றன. கொல்கத்தாவின் 'கோர்கோரி' மரச்சட்டச் சன்னல் கதவு மறைவும் காற்றும் ஒருசேரத் தரும். கோவாவின் பழைய சன்னல்களில் கண்ணாடிக்குப் பதிலாகப் பதித்த சிப்பித் தகடுகள் பால்போன்ற ஒளியை உள்ளே விட்டு, வெளியிலிருந்து பார்ப்பவரை மறைத்துவிடும். குளியலறைக்கு இவற்றைவிடப் பொருத்தமானதை எந்த அங்காடியிலும் காண முடியாது. இருப்பவற்றைக் கழற்றி அலுமினியச் சன்னல் வைப்போரைக் கண்டால் எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது.

தரைக்குக் கோட்டா கல், கடப்பைக் கல், சொரசொரப்பான மேற்பரப்புள்ள விட்ரிஃபைடு டைல் ஆகியவை ஏற்றவை. பளபளப்பாக மெருகேற்றிய கல் ஈரத்தில் கண்ணாடிபோல் வழுக்கும். வெள்ளைச் சலவைக்கல் அழகானதே. ஆனால் அமிலக் கழுவுநீர் பட்டால் அதன் மெருகு அரித்துப்போகும். செட்டிநாட்டின் ஆத்தங்குடிப் பூங்கற்களைப் பலர் விரும்புகிறார்கள். சிமெண்டும் மணலும் வண்ணமும் சேர்த்துக் கண்ணாடித் தகட்டின்மேல் வார்த்துக் கையால் செய்யப்படும் அவை நீரை உறிஞ்சும் தன்மையுடையவை. ஆகவே உடைமாற்றும் உலர்பகுதியில் அவற்றைப் பதித்து, ஷவர்ப் பகுதியில் கல்லைப் பயன்படுத்தலாம். ராஜஸ்தானின் 'ஆராயிஷ்' என்னும் மெருகிட்ட சுண்ணாம்புப் பூச்சும் அவ்வாறே, நீர் நேரே விழாத சுவருக்கு அழகு சேர்க்கும். நிறங்களை இரண்டு மூன்றுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது.

முதியவருக்காகச் செய்பவற்றைப் பின்னர் ஒட்டவைத்ததுபோல் செய்யாமல் தொடக்கத்திலேயே திட்டமிட்டால் அவை உறுத்தா. கைப்பிடி மாட்டும் இடங்களில் பலகைச் சுவருக்குள் வலுவான மரத்தை முன்கூட்டியே பதித்துவிட வேண்டும். வெறும் சிமெண்ட் பலகை ஒருவரின் எடையைத் தாங்காது. கதவு வெளிப்புறம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் உட்புறம் திறக்கும் கதவை அவரே தடுத்துக் கிடப்பார். தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாக இருக்கட்டும். 90 சென்டிமீட்டர் அகலக் கதவு வைத்தால் சக்கர நாற்காலியும் தாராளமாக நுழையும்.

இரண்டு எச்சரிக்கைகளை அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறோம். பழைய வீடுகளின் மின்கம்பிகளில் எர்த் இணைப்பு இல்லாதிருக்கலாம். கீசருக்கு மின்பெட்டியிலிருந்து தனிக் கம்பி இழுத்து, முறையான எர்த் கொடுத்து, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சாதனத்தைப் பொருத்தாமல் குளிக்கத் தொடங்கக் கூடாது. மற்றொன்று, எரிவாயு கீசர். மூடிய குளியலறைக்குள் அது எரியும்போது கார்பன் மோனாக்சைடு சேரக்கூடும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிப்பவர் மயங்கி விழும்வரை எதையும் உணர மாட்டார். குளியலறைக்குள் எரிவாயு கீசர் வேண்டவே வேண்டா.

அனுமதியும் ஆவணமும்

வீடு உங்களுடையதாயினும் சில இடங்களில் அதை மாற்ற அனுமதி தேவை. மும்பையில் 1995 முதலே பாரம்பரியக் கட்டட விதிகள் நடைமுறையில் உள்ளன. கொல்கத்தா மாநகராட்சியும் பாரம்பரியக் கட்டடங்களைத் தரம் பிரித்துப் பட்டியலிட்டிருக்கிறது. அகமதாபாத்தின் பழைய நகரம் 2017-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. உங்கள் வீடு பட்டியலில் உள்ளதா என்பதை மாநகராட்சியில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். மேலும் ஒன்று பலருக்குத் தெரிவதில்லை. மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. அங்கே புதுப்பித்தல் வேலைக்கும் தகுதியுள்ள அதிகாரியின் அனுமதி வேண்டும். 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த வீடாயின், தடைசெய்யப்பட்ட பகுதியிலும் பழுதுபார்ப்புக்கும் புதுப்பித்தலுக்கும் விண்ணப்பிக்கலாம்.

பழைய வீட்டுக்குக் கடன் தருவதில் எங்களுக்கு எழும் முதல் வினா சுவரைப் பற்றியதன்று, உரிமையைப் பற்றியது. பாட்டனார் பெயரில் பத்திரம் இருக்கும், அவருடைய பிள்ளைகள் ஐவர், இருவர் காலமாகி அவர்களுடைய வாரிசுகள் வெவ்வேறு ஊர்களில் இருப்பார்கள், பாகப்பிரிவினை பதிவாகியிராது. வீட்டில் குடியிருந்து வரி கட்டிவருபவர் ஒருவரே ஆயினும், அந்த வீட்டை அடமானம் வைக்கும் உரிமை அவருக்கு மட்டும் கிடையாது. பங்குதாரர் அனைவரும் கையெழுத்திட வேண்டும். அல்லது பாகப்பிரிவினைப் பத்திரமோ விடுதலைப் பத்திரமோ பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். டைல் கடைக்குச் செல்வதற்கு முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, வரி ரசீது, பொறியாளரின் மதிப்பீடு, தேவையெனில் அனுமதிக் கடிதம் ஆகியவை ஒன்றாக வந்தால் கடன் பரிசீலனை விரைவாக நடக்கும். தொகை ஒரே முறையில் அல்லாமல் வேலையின் கட்டங்களுக்கேற்பவே பெரும்பாலும் வழங்கப்படும்.

செலவைச் சிறு கணக்கால் விளக்கலாம். 5 லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டியில் 5 ஆண்டுகளுக்கு வீட்டு மேம்பாட்டுக் கடனாகப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 10,380 ரூபாய். மொத்த வட்டி சுமார் 1.23 லட்சம். அதையே 10 ஆண்டுகளுக்கு நீட்டினால் தவணை 6,334 ரூபாயாகக் குறையும், வட்டியோ 2.60 லட்சமாக உயரும். அடமானமில்லாத தனிநபர் கடனை 14 சதவீதத்தில் 5 ஆண்டுகளுக்கு எடுத்தால் தவணை சுமார் 11,634 ரூபாய். வட்டி 2 லட்சத்தை நெருங்கும். இங்கே வட்டி விகிதங்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவையே. அன்றைய விகிதத்தைக் கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள். வாரிசுப் பிரச்சினை உடனே தீராது, தேவையும் சிறு தொகை என்றால், சற்றுக் கூடுதல் வட்டிக்குத் தனிநபர் கடன் பெறுவதும் தவறாகாது. மாறும் வட்டியில் தனிநபர் பெற்ற வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

வருமான வரியில் பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்கள், தாம் குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கவோ புதுப்பிக்கவோ வாங்கிய கடனின் வட்டிக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழிவு பெறலாம். வீடு கட்டவும் வாங்கவும் பெறும் கடனுக்குரிய 2 லட்சம் ரூபாய் வரம்பு இதற்குப் பொருந்தாது. பலர் இவ்விடத்தில் குழம்புகிறார்கள். மேற்கண்ட எடுத்துக்காட்டில் முதலாண்டு வட்டி ஏறத்தாழ 41,600 ரூபாய். அதில் 30,000 மட்டுமே கழிவாகும். புதிய வரிமுறையில் குடியிருக்கும் வீட்டுக்கு இக்கழிவு இல்லை.

கடன் முழுவதும் அடைந்தபின் 30 நாட்களுக்குள் வங்கி உங்கள் மூலப்பத்திரங்களைத் திருப்பித் தந்தாக வேண்டும். வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. நூறாண்டுப் பத்திரத்துக்கு மாற்றுப் பிரதி பெறுவது எளிதன்று. ஆகவே ஒப்படைக்கும் நாளிலேயே பக்கவாரியாகப் பட்டியலிட்டு ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள்.

காப்பீட்டையும் மறக்க வேண்டா. 2021 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில் தீ, வெள்ளம் முதலியவற்றோடு நீர்த்தொட்டியும் குழாயும் வெடித்து அல்லது வழிந்து நேரும் சேதமும் அடங்கும். ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசிந்து நேரும் அழுகலை அதில் எதிர்பார்க்க இயலாது. எனவே சுவரையும் தரையையும் மூடுவதற்கு முன்பு, எந்தக் குழாய் எவ்வழியே செல்கிறது என்பது தெரியும்படி அளவுநாடாவை அருகில் பிடித்துப் படமெடுத்து, அதன் அச்சுப்பிரதி ஒன்றை வீட்டுப் பத்திரங்களின் நகல்களோடு வைத்துவிடுங்கள். அடுத்த தலைமுறைப் பிளம்பர் எங்கே துளையிடக் கூடாது என்பதை அதைப் பார்த்தே அறிந்துகொள்வார்.